மூன்றாம் பிழிவு

இந்த அறையின் மின்விசிறிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள் சார். கீச்சென்று ஒரே சத்தம். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்கே போனாலும் இப்படித்தான் இருக்கிறது. என் வீட்டு விசிறி, சர்ச் விசிறி, மதுரை ரயில் பெட்டியின் விசிறி, எல்லாவற்றிலும் இதே கீச்சுதான். மற்றவர்களுக்குக் கேட்பதில்லை. எனக்குக் கேட்கிற காது வாய்த்துவிட்டது, என்ன செய்ய.

நேற்று நான் அரை மணி நேரம் பேசியதை ஏட்டையா மாரிச்சாமி மூன்று வரியில் எழுதிவிட்டார். 'இறந்துபோன வைகுண்டராஜ் என் தங்கையின் கணவர். அவருக்குக் காது கேட்காது என்று நான் சொன்னது பொய். வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.' அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் வேண்டாதது என்று அவர் விட்டதெல்லாம் வேண்டியது. அதனால்தான் காகிதம் கேட்டேன். வெளியே வயர்லெஸ் இரைச்சல் அதிகம் என்பதால் கதவைச் சாத்திக்கொள்ளவும் அனுமதி கேட்டேன். இரண்டுக்கும் நன்றி.

என் பெயர் தவசிமுத்து. வயது நாற்பத்தொன்பது. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருக்கிறேன். விசேஷ வீடுகளுக்கு மைக்செட்டும் கட்டுவேன். புரட்டாசி சனிக்கிழமைகளில் இந்த ஊர்ப் பெருமாள் கோயில் மலையான திருவண்ணாமலை அடிவாரத்தில் நீங்கள் கூட்டத்தை ஒழுங்குபடுத்திப் பேசுகிற மைக் என்னுடையது. அதற்கு முன்னால் பதினோரு வருடம் மில்லில் இருந்தேன், ஸ்பின்னிங் பிரிவில்.

ஸ்பின்னிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். பத்து வருடம் அப்படி இருந்தவர்கள் பிறகு கல்யாண வீட்டுப் பந்தியிலும் எதிராளியின் வாயைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார்கள். எங்கள் ஊரில் அதற்கு மில்லுக் காது என்று பெயர். தெருவுக்கு நாலு பேருக்கு உண்டு. யாரும் அதை ஒரு நோயாக நினைப்பதில்லை, வயதானால் நரை வருவது மாதிரி எடுத்துக்கொள்வார்கள். நான் காதில் பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வேன். என் காது தப்பித்தது.

தப்பித்த காதை வைத்துத்தான் தொழில் செய்தேன். ஒரு அறுபது நிமிடக் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்தால், அது என் கடைக் கேசட் என்று வெளியே நின்று கேட்டே சொல்லிவிடலாம். ட்ரெபிள் என்கிற மேல் சன்னச் சத்தத்தை அவ்வளவு துல்லியமாக வைப்பேன். சிலர் காதைக் கிழிக்கிறது, குறையுங்கள் என்பார்கள். நல்ல சத்தம் பழகாதவர்களிடம் என்ன பேசுவது.

இனி என் தங்கையைப் பற்றி. கிருபாபாய் எனக்குப் பதினோரு வயது இளையவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளை வளர்த்தது நான். எனக்கென்று கல்யாணம் பண்ணிக்கொள்ளத் தோன்றவில்லை. அவள் பாடுவாள். சர்ச் பாடகர் குழுவில் இருபது பேர் சேர்ந்து பாடும்போதும் அவள் குரல் தனியாக நிற்கும். 1985-இல் வைகுண்டராஜுக்குக் கட்டிக்கொடுத்தேன். அவரும் மில்தான், ஆனால் பஞ்சு குடோனில் எழுத்து வேலை. என் வீட்டிலிருந்து இரண்டாவது தெருவில் குடியிருந்தார்கள். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். உள்ளே கண்ணாடி வைத்த ரெக்கார்டிங் அறையில் உட்காரவைத்து நான்கு பாட்டுப் பதிந்தேன். பக்கவாத்தியம் கிடையாது. தொடையில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டாள். கையில் கண்ணாடி வளையல் இரண்டு. ஒவ்வொரு தட்டுக்கும் அது சன்னமாகச் சிணுங்கியது. கழற்றி வைக்கச் சொன்னேன்.

"இருக்கட்டும்ணே, அதுவும் பாடட்டும்" என்றாள்.

இருபத்திரண்டு நிமிடம். வளையல், ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவள் மூச்சு இழுப்பது, மூன்றாம் பாட்டின் கடைசியில் தூரத்தில் ஊதுகிற மில் சங்கு, எல்லாம் விழுந்திருந்தது. அந்தக் கேசட்டை அவளிடமே கொடுத்தேன். நான் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. எப்போது கேட்டாலும் பாடப்போகிறவள்தானே என்று இருந்துவிட்டேன்.

1987 மார்ச் பத்தொன்பதாம் தேதி, பிற்பகல் மூன்று மணி. அவளுக்கு நிறைமாதம். திடீரென்று வலி கண்டு ரத்தம் போக ஆரம்பித்தது. எங்கள் வட்டாரத்தில் அந்த நேரம் நின்றிருந்த ஒரே வண்டி என் மைக்செட் வேன். கடை வாசலில்தான் நின்றது. நான் உள்ளே கண்ணாடி அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு கேசட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வைகுண்டராஜ் வரவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி டாக்ஸி தேடி, கிடைக்காமல், கடைசியில் ஒரு மில் அதிகாரியின் காரைக் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறார். நாற்பது நிமிடம் போய்விட்டது. ராஜபாளையத்திலிருந்து இந்த ஊர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது, காரிலேயே பிறந்த குழந்தைக்கு உயிர் இருந்தது, அவளுக்கு இல்லை.

அவர் சொன்னது வேறு. கல்லறைத் தோட்டத்தில், மண் தள்ளி முடிந்ததும், எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எம்புட்டு நேரம் தட்டுனேன் மச்சான். கை வலிக்கத் தட்டுனேன் அந்தக் கண்ணாடில. உங்க முதுகு தெரியுது. திரும்பிக்கூடப் பாக்கலையே நீங்க."

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. மில்லுக் காதுல்ல, பாவம், என்று பின்னால் யாரோ சொன்னதாகப் பிறகு தெரிந்தது. கடைக்கு எதிரே டீ போடுகிற வெள்ளத்தாய் தானும் அவர் தட்டியதைப் பார்த்ததாகச் சொன்னாள். அவள் எதைத்தான் பார்க்கவில்லை.

நிதானமாக யோசித்துப் பாருங்கள் சார். என் காது எப்படிப்பட்டது என்று மேலே எழுதியிருக்கிறேன். தட்டியிருந்தால் கேட்டிருக்கும். கேட்கவில்லை. ஆகவே தட்டவில்லை. என் வேனைக் கேட்க அவருக்குக் கௌரவம் தடுத்திருக்கும், அல்லது கை கால் ஓடாமல் வேறு பக்கம் போயிருப்பார். அதை ஒப்புக்கொள்ள முடியாமல் பழியை என் காதில் போட்டார். என் தங்கையை நான் கொன்றேன் என்று ஊர் நம்பியது. அதுவும் இரக்கப்பட்டு நம்பியது. அந்த இரக்கத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்தபோது அவர் என்னைத் தனியாக அழைத்து, "ஆத்தாமையில சொல்லிட்டேன் மச்சான், மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றார். தட்டவில்லை என்று சொல்லவில்லை. சொன்னதற்குத்தான் வருத்தப்பட்டார். அன்றையிலிருந்து அவரை வெறுக்கிறேன். பகையை வெளியில் காட்டவில்லை. பிறந்தநாளுக்கு மருமகளுக்குத் துணி எடுத்துக் கொடுப்பேன், கிறிஸ்துமஸுக்குப் போய் ஒரு வேளை சாப்பிட்டு வருவேன். உள்ளே அது அப்படியே இருந்தது.

வைகுண்டராஜ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கே, தன் அக்கா தங்கபாய் வீட்டுக்கு, வந்துவிட்டார். மறுபடி கல்யாணம் செய்யவில்லை. தினமும் டவுன் பஸ்ஸில் மில்லுக்குப் போய்வருவார். சாயங்காலம் வந்து குளித்துவிட்டு, மகள் செல்லக்கனியை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கேசட்டைப் போடுவார். பதினோரு வருடம் ஒரு நாள் தப்பவில்லை என்று தங்கபாய் சொல்வாள். பிள்ளைக்குத் தாய் என்றால் அந்த இருபத்திரண்டு நிமிடம்தான். எந்த இடத்தில் வளையல் சிணுங்கும் என்று மனப்பாடமாகத் தெரியும், கூடவே கையை ஆட்டுவாள்.

போன வருடம் ஆகஸ்டில் அவர் அந்தக் கேசட்டை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். ரிப்பன் இழுபட ஆரம்பித்திருந்தது.

"கம்ப்யூட்டர்ல ஏத்துனா அழியவே அழியாதாமே மச்சான். வேற யாரையும் நம்பிக் குடுக்க மனசு வரல" என்றார்.

வைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

இந்த ஊர்ப் பஸ் ஸ்டாண்டு அருகே கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிற அப்ரோஸ் பேகத்தை உங்களுக்குத் தெரியும். கெட்டிக்காரி. எப்போதும் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாள், அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும். அவள் தம்பி சவுதியிலிருந்து கொண்டுவந்த சிடி ரைட்டர் அங்கே இருந்தது. அவள்தான் எனக்கு விளக்கினாள். பாட்டை இரண்டு விதமாக வைக்கலாம். ஒன்று, விழுந்த சத்தத்தை ஒரு பொட்டு விடாமல் முழுசாக வைப்பது. கிருபாவின் நான்கு பாட்டுக்கு அது இருநூற்று முப்பது எம்பி இடம் பிடித்தது. இன்னொன்று, எம்பி த்ரீ என்று பிழிந்து வைப்பது.

"காதுக்குத் தப்பிப் போற சத்தமா பாத்து எடுத்துரும்ணே. பெரிய சத்தம் ஒண்ணு இருக்கையில பக்கத்துல இருக்க சின்னச் சத்தம் நமக்குக் கேக்காதுல்ல, அத எதுக்குச் சுமக்கணும்னு தூக்கிப் போட்டுரும். ரொம்பப் பிழிஞ்சா மேல இருக்க சன்னச் சத்தம் பூராவும் போயிரும்."

"போனது திரும்ப வருமா?"

"வராதுண்ணே. அதுக்குத்தான் முழுசு ஒண்ணு வச்சுக்கிடணும்."

இப்படித்தான் எனக்கு வழி பிறந்தது. கோபம் அன்றைக்குப் பிறந்ததில்லை, பதினோரு வருடமாக இருந்தது. என் காது மட்டம் என்று ஊரை நம்பவைத்த மனிதரை, அவர் காதையே நம்பாதபடி செய்ய முடியும் என்று தோன்றியது. அவரை அடிப்பதோ வெட்டுவதோ என் குணத்துக்கு ஒத்துவராது.

தொழில் ஆராய்ச்சிக்கு என்று சொல்லி அப்ரோஸ் பேகத்திடம் நான்கு சிடித் தட்டுகள் எழுதி வாங்கினேன். முதல் தட்டு முழுசு. இரண்டாவது பத்தில் ஒரு பங்காகப் பிழிந்தது. அதை மறுபடி பிழிந்து அடுத்தது. அதையும் பிழிந்து கடைசித் தட்டு, ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. இவற்றை முதல் பிழிவு, இரண்டாம் பிழிவு, மூன்றாம் பிழிவு என்று வைத்துக்கொண்டேன். தட்டின் மேல் பேனாவால் எழுதக் கூடாது, கெட்டுப்போகும் என்று அவள் சொன்னதால் காகித உறையின் மேல் எழுதினேன். நான்கும் பார்க்க ஒன்றுபோல இருந்தன.

பிறகு மூலக் கேசட்டை அழித்தேன். பெரிய காந்தம் ஒன்று கடையில் உண்டு, பழைய கேசட்டைத் துடைக்கப் பயன்படுத்துவது. இரண்டு தடவை சுற்றினால் போதும். முழுசுதான் என்னிடம் இருக்கிறதே. அண்ணனிடம் தங்கை வந்து சேர்ந்துவிட்டாள், அவ்வளவுதான்.

வைகுண்டராஜிடம் ரிப்பன் உதிர்ந்துவிட்டது, நல்லவேளை கம்ப்யூட்டரில் காப்பாற்றிவிட்டேன் என்றேன். முதல் பிழிவிலிருந்து ஒரு புதுக் கேசட் பதிந்து கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து வந்தார்.

"மச்சான், வளையல் செத்த மங்கலா கேக்கோ?"

"முழுசா இருக்கு மாப்ள. எனக்குத் தெளிவாக் கேக்குது. நீங்க மில்லுக்குப் போயி எம்புட்டு வருசம் ஆச்சு?"

"நான் குடோன்லல்ல மச்சான் இருக்கேன்."

"சுவத்துக்கு அந்தப் பக்கம் ஸ்பின்னிங்தான. காது சொல்லிட்டாப் போகும்?"

அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வேறு ஊராக இருந்தால் இந்தப் பேச்சு எடுபடாது சார். ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போன எந்த மனிதனிடமும் உனக்குக் காது போய்விட்டது என்றால் நம்புவான். அது எப்போது வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் நாங்கள்.

ஆனால் செல்லக்கனி கண்டுபிடித்துவிட்டாள். பதினொரு வயதுக் காது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, "மாமா, இதுல அம்மா வளையல் சரியாவே இல்ல" என்றாள். அவளைப் பக்கத்துப் பெட்டிக்கடைக்குக் கூட்டிப்போய்க் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்து விளக்கினேன். பழைய கேசட் உதிர்ந்துபோனதில் கொஞ்சம் போய்விட்டது, யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் அப்பாவுக்கு இது தெரிந்தால் உடைந்துபோவார். அவருக்கே காது மங்கி வருகிறது. அவர் கேட்டால் எல்லாம் கேட்கிறது என்று சொல், அவர் மனசு நிம்மதியாக இருக்கும்.

"பொய்யில்லையா மாமா?"

"அப்பா மேல பாசம் இருந்தாச் சொல்லு."

பிள்ளை அதன்படியே செய்தாள். அதை நானே ஒரு நாள் பார்த்தேன். கேசட் ஓடுகிறது. வைகுண்டராஜ் ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு, "இப்ப வளையல் வரணும். வந்துச்சா பிள்ள?" என்கிறார். அவள் வழக்கம்போலக் கையை ஆட்டிக்கொண்டே, "வந்துச்சுப்பா, நல்லாக் கேக்குது" என்கிறாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

அவளைத் திட்டாதீர்கள் சார். நல்லபடியாகத்தான் செய்தாள். அவள் இல்லாமல் இது நடந்திருக்காது.

ஜனவரியில், சத்தத்தை மேம்படுத்தியிருக்கிறேன் என்று சொல்லி இரண்டாம் பிழிவிலிருந்து பதிந்த கேசட்டைக் கொடுத்தேன். அதில் மூச்சு இழுக்கிற சத்தம் இல்லை. ஜூனில் மூன்றாம் பிழிவு. அதில் சங்கும் ஏதோ மாடு கத்துவது போலத்தான் இருக்கும் என்று அப்ரோஸ் பேகம் முன்பே சொல்லியிருந்தாள். வைகுண்டராஜ் ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லி வாங்கிப் போனார். மில்லில் யாராவது கூப்பிட்டால் கேட்டதா கேட்கவில்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்து, பதில் சொல்லாமல் நிற்க ஆரம்பித்தார். காது போன ஆள் என்று அங்கேயும் பேச்சு வந்துவிட்டது. ஜூலையில் அவராகவே வேலை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார்.

அதற்கடுத்த வாரம் மதுரைக்குப் போய் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். திரும்பியதும் நேரே என் கடைக்கு வந்தார்.

"டாக்டரு காது நல்லாருக்குன்னுதான் மச்சான் சொல்லுதாரு. சீட்டும் எழுதிக் குடுத்துட்டாரு. ஆனா பிள்ளைக்குக் கேக்குது, உங்களுக்குக் கேக்குது, எனக்குக் கேக்கலையே."

"அவர் மெசின்ல பீப்னு ஒரே சத்தத்த வச்சுப் பாப்பாரு. பாட்டு வேற, பீப் வேற மாப்ள" என்றேன்.

அவர் அந்தச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். படித்த டாக்டரை விட்டுவிட்டு என்னை நம்பினார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக இந்தச் சுற்று வட்டாரத்தில் என் காதுக்கு ஒருவர் மரியாதை கொடுத்தார்.

செப்டம்பர் கடைசியில் கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார்.

"நீங்களே வச்சுக்கோங்க மச்சான். யாரோ தண்ணிக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு. எனக்கு அவ போயிட்டா."

கண்ணாடி அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் அன்றைக்குத் தட்டியதாகச் சொன்ன அதே கண்ணாடி. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அன்னைக்கு நிசமாவே தட்டுனீங்களா மாப்ள?"

தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தட்டுனேன்னுதான் நினைச்சிருந்தேன். இப்ப எதையும் நிச்சயமாச் சொல்ல முடியல மச்சான். தட்டுன சத்தம் எனக்கே கேட்டுச்சான்னு தெரியல. கை மட்டும் போயி, சத்தம் வரலையோ என்னமோ. தப்பு எம்மேலதான் போலருக்கு. நான்தான் அவளக் கொன்னுட்டேன்."

இதைத்தான் கேட்கக் காத்திருந்தேன். அவர் தட்டவில்லை என்று தன் வாயால் சொன்னால் முழுசை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. சொல்லிவிட்டார். முழுசு மேஜை டிராயரில்தான் இருந்தது, அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில். நான் கொடுக்கவில்லை. போய்வாருங்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

அன்று சாயங்காலமே பிழிவுத் தட்டுகள் மூன்றையும் உடைத்து, குப்பையோடு சேர்த்து எரித்தேன். இனி அவை தேவையில்லை. உறையை நம்பி உடைக்கவில்லை. நான்கையும் வெளியில் எடுத்து, ஒவ்வொன்றாகப் போட்டு ஹெட்போனில் கேட்டேன். வளையல் எதில் கேட்டதோ அதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் பதினாறாம் தேதி காலை வைகுண்டராஜ் ரயில் ஸ்டேஷனுக்குத் தெற்கே தண்டவாளத்தில் இறந்துபோனார். ரயில்வே போலீஸார் விசாரித்தபோது அவருக்குக் காது கேட்காது என்று சொன்னேன். மில்லில் சொன்னார்கள், தெருவில் சொன்னார்கள். விபத்து என்று முடித்துவிட்டார்கள். தங்கபாய் உங்களிடம் மனுக் கொடுத்திராவிட்டால் அப்படியே இருந்திருக்கும். அவர் சட்டைப் பையில் டாக்டர் சீட்டு இருந்ததும், இஞ்சின் டிரைவர் தூரத்திலேயே ஹாரன் அடித்தபோது அவர் திரும்பிப் பார்த்துவிட்டு நகராமல் நின்றார் என்று சொன்னதும் உங்களுக்குச் சந்தேகத்தைக் கொடுத்தன. சரிதான். அவருக்குக் கேட்டது. கடைசி வரை எல்லாம் கேட்டது. அவர் காதில் ஒரு குறையும் இல்லை, அது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அவரை நான்தான் அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். இதற்கு எந்தச் செக்‌ஷன் போடுவது என்று நீங்கள் புத்தகத்தைப் புரட்டுவதைப் பார்த்தேன். அவசரமில்லை.

ஒன்று மட்டும் திருத்த வேண்டும். அந்தத் தட்டு.

பிள்ளைக்குத் தாயின் குரலாவது மிஞ்சட்டும், முழுசை ஒப்படையுங்கள் என்று நீங்கள் கேட்டதும் மறுக்காமல் கொடுத்தேன். செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து வந்து அதைத்தான் கேட்டிருக்கிறேன். வளையல், மூச்சு, சங்கு, எல்லாம் அதில் இருக்கிறது. நேற்று அதை அப்ரோஸ் பேகம் உங்கள் முன்னால் கம்ப்யூட்டரில் போட்டு, சத்தத்தைத் திரையில் படமாக விரித்துப் பார்த்திருக்கிறாள். பிறகு என் முன்னால் வந்து நின்று அழுதாள்.

"அண்ணே, இதுல மேல ஒண்ணுமே இல்லண்ணே. வழிச்சு எடுத்த மாதிரி வெறும் கருப்பா இருக்கு. இது மூணாவது பிழிஞ்ச தட்டு. முழுச ஒடைச்சுட்டீங்கண்ணே."

செல்லக்கனிக்கும் போட்டுக் காட்டினார்களாம். வளையல் இல்லை என்று அவளும் சொன்னாளாம். இந்தத் தடவை நிஜத்தைச் சொல்கிறேன் என்று சேர்த்துச் சொன்னாளாம்.

நல்ல பெண் அப்ரோஸ் பேகம். ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்கிறாள். சத்தத்தைக் காதால்தான் பார்க்க வேண்டும். பிள்ளை துக்கத்தில் இருக்கிறது, அதற்கு எது கேட்கும். நான் கேட்டு வைத்த தட்டு அது. பதினோரு வருடம் ஸ்பின்னிங்கில் நின்றும் கெடாத காது. என் தங்கையின் வளையல் எனக்குக் கேட்காமல் போகுமா.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஏட்டையா மாரிச்சாமி திடீரென்று என் முன்னால் நிற்கிறார். கையில் டீ கிளாஸ், மேலே ஆடை படிந்து ஆறிப்போயிருக்கிறது. "எம்புட்டு நேரமாத் தட்டுதேன் அண்ணாச்சி. கை வலிச்சுப் போச்சு. உள்ள என்னமோ ஏதோன்னு பயந்துல்ல கதவத் தள்ளிட்டு வாரேன்" என்கிறார்.

அவர் தட்டவில்லை சார். மூன்று எட்டுத் தூரத்தில்தான் கதவு இருக்கிறது. நீங்கள் சொல்லிக்கொடுத்து அவர் சொல்கிறாரோ என்று நினைக்கிறேன். ஒருவேளை மெதுவாகத் தட்டியிருந்து, இந்த விசிறிச் சத்தத்தில் அமுங்கிப்போயிருந்தால் அது வேறு விஷயம். அதனால் விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி தட்டச் சொன்னேன்.

காலையிலிருந்தே கரண்ட் இல்லையே அண்ணாச்சி என்கிறார்.

நிமிர்ந்து பார்த்தேன். மூன்று இறக்கையும் தூசியோடு அப்படியே நிற்கின்றன. ஒன்றின் நுனியில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறது. கீச்சு மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. பக்கத்து அறையில் ஏதாவது ஓடும். அதையும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

இனி எழுத ஒன்றுமில்லை. ஏட்டையா படியெடுக்கும்போது எதைச் சுருக்கினாலும் கடைசி வரியை மட்டும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். 1987 மார்ச் பத்தொன்பதாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு நான் கடையில்தான் இருந்தேன், வைகுண்டராஜ் தட்டவில்லை.